இடமாகச் சுற்றிய கைக்கடிகாரம்: ஒரு திருத்தம்

இத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் அந்தக் கதையை என் வாயாலேயே கேட்டிருக்கிறீர்கள். பழைய உயர்விலைக் கைக்கடிகாரங்களை வாங்கி விற்பவர்கள் ஆண்டுக்கொருமுறை கூடும் நம் விருந்தில், பிரியாணிக்கும் பாயசத்துக்கும் இடையே, யாராலும் விற்க முடியாத ஒன்றை நான் எப்படி விற்றேன் என்று இதுவரை மூன்று முறை விளக்கியிருக்கிறேன். முதல் முறை பதினைந்து நிமிடம் ஆயிற்று. மூன்றாம் முறை வரைபடங்களும் சேர்ந்துகொண்டதால் நாற்பது நிமிடம். பாயசம் ஆறிப்போனது. உங்களில் இருவர் குறிப்பெடுத்ததையும் கண்டேன். அந்தக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கதையில் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

நான் இத்தொழிலுக்கு வந்த வழி நேரானதன்று. பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் கற்பித்துக்கொண்டிருந்தவன், ஓய்வு வயதுக்குச் சில ஆண்டுகள் முன்பே விலகி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடையின் மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். பெயர்ப்பலகையில் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொண்டது என் முதல் தவறு. முதல் வாரத்தில் படியேறி வந்தவர்கள் மூவர். இருவருக்கு முழங்கால் வலி. மூன்றாமவர் அவர்களுக்குத் துணையாக வந்தவர். கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவி பிற்பகல்களில் கடைக்கு வந்து உட்கார்வாள். அந்த இருவருக்கும் தைலம் கொடுத்து அனுப்பியவள் அவள்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் பாதிப்பேருக்கு அவள் ‘டீச்சர்’. அந்தப் பாதிப்பேரில் பாதிப்பேர் அவளிடம் அல்ஜிப்ராவில் தோற்றவர்கள்.

எல்லோரும் கேட்கும் கைக்கடிகாரங்களை நான் வைத்துக்கொண்டதில்லை. இந்த நாட்டில் பத்துப் பேர் மட்டுமே விரும்பக்கூடிய, அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் ஏற்கெனவே இருக்கக்கூடிய பொருள்களே என் சரக்கு. அத்தகைய ஒன்றைத்தான் சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு செராஸில் ஒரு வணிகரிடம் கண்டேன். சுவிட்சர்லாந்தின் ஒரு சிறிய பட்டறை செய்தது. எஃகு உறை, சாவி கொடுத்து ஓட்ட வேண்டியது, எண்களே இல்லாத வெள்ளை முகப்பு, பன்னிரண்டு மெல்லிய கோடுகள். அதன் முட்கள் எதிர்த்திசையில் சுற்றின. உள்ளே அதற்காக அமைத்திருந்த பற்சக்கரங்களைக் கண்ணாடி வழியே பார்த்தபோது, என் ஆராய்ச்சி மாணவன் எவனும் தராத மகிழ்ச்சி எனக்குக் கிட்டியது. பேரம் பேசவே மறந்தேன். அந்த வணிகர் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு என் கார் வரை வந்தார். கதவைத் திறந்துவிட்டார். நிறுத்துமிடக் கட்டணத்தையும் அவரே செலுத்தினார். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: விற்றவர் உங்கள் கார் வரை வந்தால், பெட்டியோடு திரும்பி அவர் கடைக்கே போய்விடுங்கள்.

இடர் என்னவென்று ஒரே வாரத்தில் தெரிந்தது. கோயிலை நாம் வலமாகச் சுற்றுகிறோம். ஆரத்தித் தட்டும் வலமாகத்தான் சுற்றுகிறது. நம்மவர்கள் இடமாகச் சுற்றும் இடம் ஒன்றே ஒன்று. அங்கே தோளில் மண்பானையோடு சுற்றுவோம். அதை யாரும் என் கடையில் உரக்கச் சொல்லவில்லை. முள் நகர்வதைப் பார்ப்பார்கள், பேச்சு நின்றுவிடும், அழைப்பு வராமலே கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்குவார்கள். ஒரு வழக்கறிஞர் மட்டும் மனம்விட்டுச் சொன்னார்: “சார், இதக் கட்டிக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா என் கேஸெல்லாம் போன வருஷத்துக்குப் போயிடும் லா.” இளம் பொறியாளர் ஒருவர் வாங்கியே விட்டார். வாசலில் நின்று தம் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினார். அந்த அம்மையாரின் குரல் கீழே பூக்கடை வரை கேட்டது. பொறியாளர் திரும்பி வந்து, “அங்கிள், சோரி,” என்றார். அதற்குமேல் அவரைப் பேசவிடாமல் பெட்டியை நானே வாங்கிக்கொண்டேன்.

விற்காத பொருளைத் தானே அணிந்து காட்டுவது நம் தொழிலின் பழைய உத்தி. நானும் அணிந்தேன். ஒரு சனிக்கிழமை கிள்ளானில் என் மனைவியின் உறவில் ஒரு திருமண வரவேற்பு. இரவு ஏழு மணிக்கு. கடையிலிருந்து வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தேன். ஏழரை. பதறிப்போய் அவளை அவசரப்படுத்தினேன். பட்டுப்புடவையில் எந்த மறுப்பும் சொல்லாமல் வந்து காரில் ஏறினாள். எண்ணில்லாத முகப்பில் நாலரை மணி, பழகிய கண்ணுக்கு ஏழரையாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆறு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் மட்டுமே அந்தக் கைக்கடிகாரம் உலகத்தோடு ஒத்துப்போகும். ஆயினும் வழிநெடுக வெயில் அடித்ததை நான் பொருட்படுத்தவில்லை. முனைவர் பட்டம் பெற்றவர்கள் கருவியை நம்புவார்கள், சன்னலை நம்ப மாட்டார்கள்.

மண்டபத்தில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்த ஒருவர், “அண்ணே, அந்த மேசைய கொஞ்சம் பிடிங்க,” என்றார். பிடித்தேன்.

“உனக்குத் தெரியுமா?” என்று அவளைக் கேட்டேன்.

“எது?”

“மணி.”

“தெரியுமே. கையில போன் இருக்குல்ல.”

“பிறகு ஏன் சொல்லல?”

“ஏங்க, கட தொறந்த நாள்லேர்ந்து சனிக்கிழமைல நீங்களா என்ன வெளிய கூப்பிட்டது இன்னிக்குத்தான். நான் எதுக்குக் கெடுக்கணும்?”

அருகில் ஓர் உணவுக்கடையில் இரண்டு மணி நேரத்தைக் கழித்தோம். அவள் ஆப்பம் கேட்டாள், இரண்டு சாப்பிட்டாள். ஓரம் கருகியிருக்கிறது என்று நான் சொன்னேன். இங்கே இப்படித்தான், சின்ன வயதிலிருந்து இப்படித்தான் என்றாள். அவள் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அங்குதான் அந்தப் பந்தயத்தை முன்வைத்தாள். தீபாவளிக்கு முன் அந்தக் கைக்கடிகாரம் விற்றுவிட்டால், நான் வாங்கும் எதைப் பற்றியும் இனி வாய் திறக்க மாட்டாள். விற்காவிட்டால், இனி எல்லாச் சனிக்கிழமையும் கடை மூடியிருக்கும். காலை ரயிலில் கிள்ளானுக்கு வந்து, ஆப்பம் சாப்பிட்டு, கொஞ்சம் நடந்து, மாலை ரயிலில் திரும்ப வேண்டும்.

“எல்லாச் சனிக்கிழமையுமா?”

“எல்லா சனிக்கிழமையும். சாகுற வரைக்கும்.”

சனிக்கிழமை நம் தொழிலில் என்ன நாள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எனக்குச் சனிக்கிழமையைவிட முக்கியமாகத் தோன்றியது வேறொன்று. தோற்கக்கூடாது. ஒப்புக்கொண்டேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு சோதனை வந்தது. சுங்கை வேயிலிருந்து ஒரு லோரி முதலாளியும் அவர் மனைவியும் வந்தார்கள். மகளுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் வேண்டும். நம் வழக்கப்படி காட்சிப் பெட்டியில் இருந்தவை எல்லாம் சாவி கொடுக்கப்படாமல், பத்து மணி பத்து நிமிடத்தில் நின்றிருந்தன. நின்றிருந்தால் அதுவும் மற்றவற்றைப் போலத்தான். அவர் விரல் நேராக அதன்மேல் போய் நின்றது.

“பாஸ், இது. இதுதான். பாத்தியா, நம்பர் கூட இல்ல. செம்ம கிளாஸ்.”

“மாப்புளக்கி ஜோரா இருக்கும்,” என்றார் அந்த அம்மையார்.

லோரி முதலாளி விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இத்தொழிலில் எனக்கு நேர்ந்த மிக நீண்ட அரைநிமிடம் அது. நான் பேசாமல் இருந்தால் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை. எங்கோ ஒரு வீட்டில், பூவுக்கும் பழத்தட்டுக்கும் நடுவே, யாரோ அதற்குச் சாவி கொடுக்கும்போது நான் அங்கே இருக்கப்போவதில்லை.

அறையின் மூலையில் என் மனைவி அமர்ந்திருந்தாள். ஒரு சொல் சொன்னால் பந்தயம் அவளுடையது. அவள் சொல்லவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். விடைத்தாளில் மாணவன் தன் பெயரை எழுத மறந்திருக்கிறான் என்பதைப் பார்க்கும் ஆசிரியையின் பார்வை அது. கோபம் இல்லை. காத்திருப்பு மட்டும்.

கைக்கடிகாரத்தை எடுத்து, பத்து சுற்றுச் சாவி கொடுத்து, மேசையிலிருந்த சிறு மெத்தைமேல் வைத்தேன். நொடிமுள் கிளம்பியது.

லோரி முதலாளி குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

“என்னா பாஸ் இது, ரிவர்ஸ் கியர்ல போகுது?”

“இப்படித்தான் செஞ்சிருக்காங்க.”

“யாரு? ஏன்?”

அதற்கு விடை சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மையார் தம் நெஞ்சில் கை வைத்திருந்தார். “ஐயோ, இடமால்ல சுத்துது! நிச்சயத்துல இதக் குடுத்தா சம்மந்தி வீட்டுல என்னா கேப்பாங்க? மாப்புள பின்னாடியே நடந்து வருவாரான்னு கேப்பாங்க!”

“நல்ல வேள பாஸ், இப்பவே காட்டிட்டீங்க,” என்றார் அவர், உண்மையான நன்றியோடு. “அங்க போய் தெரிஞ்சிருந்தா நான் லோரியோடதான் இங்க வந்திருப்பேன்.”

அவர்கள் ஒன்றும் வாங்காமல் போனார்கள். தேநீர் வரவழைத்துத் தந்தாள் என் மனைவி. அந்நிகழ்வைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நான் மட்டும் அன்றிரவு சாப்பிடும்போது இரண்டு முறை பெருமூச்சு விட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

தீபாவளிக்கு முந்திய நாள். தெரு முழுவதும் பந்தல், பலகாரக் கூடை, மத்தாப்பு, ஒலிபெருக்கி. என் மனைவி முறுக்கு வாங்கக் கீழே போயிருந்தாள். அப்போது மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகத் துணி விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் மேலே வந்தார். நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம். பல ஆண்டுகளாக என் மனைவி அவர் கடையில்தான் புடவை எடுப்பாள். நானும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவருக்கு நன்கு அறிமுகம். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்போம். உட்காரும் முன்பே கேட்டார்.

“டாக்டர், இடப்பக்கம் ஓடுற வாட்ச் ஒண்ணு இருக்காமே. காட்டுங்க.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். யார் படியேறி வந்தாலும், தேநீருக்கு முன்பே, “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்பது என் வழக்கம். உங்களுக்கும் அதைத்தான் கற்பித்தேன். வந்தவரைவிட அனுப்பியவர் முக்கியம்; வந்தவர் ஒருமுறை வாங்குவார், அனுப்பியவர் ஆயுள் முழுக்க அனுப்புவார். அன்று நான் கேட்கவில்லை. ‘இருக்காமே’ என்ற சொல் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. பந்தயம் முடிய ஒரு நாள் இருந்தது.

லோரி முதலாளியால் வந்த பாடம் இருந்ததால், முதலிலேயே சாவி கொடுத்து, குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். எதிர்த்திசையில் ஓடும். எண்கள் இல்லை. பார்த்துப் பழக ஒரு மாதம் ஆகும். சகுனம் பார்ப்பவர்கள் வாங்க மாட்டார்கள்.

அவர் நொடிமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். முள்ளும் விரலும் ஒரே பக்கம் சென்றன.

“உங்களுக்குத்தான் டாக்டர் இது எதிர்த்திசை. நாங்க காபாவ இடக்கைப் பக்கம் வச்சுக்கிட்டு ஏழு சுத்து சுத்துறோம். இந்த முள்ளு சரியாத்தான் போவுது. மத்த வாட்செல்லாந்தான் தப்பாப் போவுது.” பிறகு வணிகரானார். “தங்கமா?”

“எஃகு.”

“நல்லது. ஆம்பளைக்குத் தங்கம் ஆவாது. வாரு என்னா தோலு?”

“கன்றுக்குட்டி.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“மாஷா அல்லாஹ். அடுத்த மாசம் உம்ராவுக்குப் போறேன். கட்டுங்க கையில.”

முறுக்குப் பொட்டலத்தோடு என் மனைவி திரும்பி வந்தபோது பெட்டி காலியாக இருந்தது. அவள் பொட்டலத்தை மேசைமேல் போட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அடக் கடவுளே! வித்துட்டீங்களா? என் சனிக்கிழம போச்சே!” பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வீடு திரும்பும் வழியெங்கும் அவளுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ஒரு பண்பாட்டில் இழிந்த திசை மற்றொரு பண்பாட்டில் புனிதத் திசையாவதைத் தாம் முன்கூட்டியே உய்த்துணர்ந்ததாகவும், இடர் பொருளில் இல்லை, நாம் வாடிக்கையாளரைத் தேடிய வட்டத்தில் இருக்கிறது என்பதாகவும் இவர் பேசினார். ‘இவர்’ என்கிறேன், அந்த மனிதரை இப்போது நானாக எண்ணிக்கொள்ளக் கூச்சமாயிருக்கிறது. அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டு, “அப்படியா? அப்படியா?” என்று கேட்டாள். நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவள் அவ்வளவு கவனமாக என் பேச்சைக் கேட்டது குறைவு. அந்தச் சொற்பொழிவின் விரிந்த வடிவத்தைத்தான் நீங்கள் விருந்துகளில் கேட்டீர்கள்.

அதன் பின் சனிக்கிழமைகளில் கடை திறந்திருந்தது. நல்ல வியாபாரம். நான் வாங்கியவற்றைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஒற்றை முள்ளோடு நான் ஒன்றை வாங்கி வந்தபோதும் திறக்கவில்லை.

சென்ற ஆண்டு அவள் காலமானாள். நோய் நீண்டதன்று. செராஸ் மயானத்தில், தோளில் பானையோடு நான் மூன்று முறை சுற்றி வந்தேன், இடமாக. அந்த நேரத்தில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் பாய் வீட்டுக்கு வந்தார். பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். அவர் கையில் அந்தக் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை இருமினார்.

“டாக்டர், ஒரு விஷயம். சொல்லக்கூடாதுன்னு டீச்சரம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க. இப்ப சொல்லலாமான்னு எங்க இமாம்கிட்டகூட கேட்டேன்.”

“சொல்லுங்க, பாய்.”

“இந்த வாட்ச் இருக்குன்னு எனக்குச் சொன்னதே அவங்கதான்.”

அவர் தொடர்ந்தார்.

“தீபாவளிக்கு ரெண்டு நாளு முந்தி வந்தாங்க. சேல எடுக்கல. உக்காந்து, ‘பாய், நீங்க காபாவ எந்தப் பக்கமா சுத்துவீங்க?’ன்னு கேட்டாங்க. கையக் காட்டினேன். கணக்கு டீச்சருல்ல? நம்பல. எந்திரிச்சு ஒருக்கா நடந்து காட்டுங்கன்னுட்டாங்க. கட நடுவுல, அவ்வளவு கூட்டத்துல, சேலக் கட்டு ஒண்ண நடுவுல வச்சு நான் சுத்திக் காட்டினேன் டாக்டர்.”

“பந்தயத்தப் பத்திச் சொன்னாளா?”

“சொன்னாங்க. நானே கேட்டேன்: ஏம்மா, ரெண்டே நாளு, சும்மா இருந்தாலே நீங்க ஜெயிச்சுட்டீங்க, அப்புறம் எதுக்கு என்ன அனுப்புறீங்கன்னு.” அவர் கொஞ்சம் தயங்கினார். “கோவிச்சுக்காதீங்க.”

“மாட்டேன்.”

“‘தோத்துப்போன மனுஷனக் கிள்ளானுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி நான் என்ன பாய் பண்றது? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஆப்பத்தக் குத்தம் சொல்லுவாரு’ன்னாங்க. அவரு ஜெயிக்கட்டும், ஜெயிச்சா அவராவே ஒரு நாள் கூப்பிடுவாருன்னாங்க.”

வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் போனது. பாய் தம் கையைப் பார்த்து, தொழுகைக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். சுவரிலிருந்த கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை.

ஆகவே, திருத்தம் இதுதான். அந்த வாடிக்கையாளரைக் கண்டுபிடித்தது நான் இல்லை. வட்டம், திசை, பண்பாடு என்று நான் வரைந்த படங்கள் எல்லாம் துணிக்கடையில் ஒரு கணித ஆசிரியை செய்து பார்த்த சோதனைக்குப் பின்னால் ஒட்டப்பட்டவை. வந்தவரிடம், யார் சொல்லி வந்தீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் வென்ற நாளில் கண்டிப்பாகக் கேளுங்கள். தோற்ற நாளில் அது தானாகவே நினைவுக்கு வரும்.

கடையை உங்களில் இருவர் கையில் ஒப்படைத்துவிட்டேன். எந்தப் பொருளைப் பற்றியும், எந்த நாளிலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம், சனிக்கிழமை தவிர. சனிக்கிழமைகளில் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போகிறேன். ஆப்பத்தின் ஓரம் இப்போதும் கருகித்தான் வருகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.